டைரக்டர் பாட்டு

வண்டியில் முதலில் ஏறுவது டியூபா என்கிற பெரிய பித்தளைக் குழல். மனிதர்கள் பிறகுதான். டியூபாவைப் பின்சீட்டில் சாய்த்து, அதன் வாய்க்குள் ஒரு பழைய போர்வையைத் திணித்து, ட்ரம்பெட் பெட்டிகளை அதற்கு அண்டைகொடுத்து, பெரிய முரசைக் கடைசியாகக் கதவோரம் நிறுத்த வேண்டும். முரசின் எழுத்துப்பக்கம் வெளியே பார்க்க வேண்டும். ஏனென்றால் அந்தத் தோலில்தான் சபித் அண்ணன் குழுவின் பேரும் டெலிபோன் நம்பரும் சிவப்புப் பெயின்டில் எழுதியிருக்கிறது. பின்னால் வருகிற லாரிக்காரன் கண்ணாடி வழியாக அதைப் படிக்கலாம். கல்யாண வீட்டிலும் அதைப் பார்த்துத்தான் அடுத்த கல்யாணக்காரன் கூப்பிடுவான். எங்களுக்கு விளம்பரம் என்றால் அந்தத் தோல் ஒன்றுதான்.

பதினோரு வருஷமாக நான் அந்த வண்டியை ஓட்டுகிறேன். பெயர் யாஷர். ஒரு ராகமும் தெரியாது. ஆனால் எந்தப் பள்ளத்தில் எந்தக் குழல் எப்படிக் குலுங்கும் என்று தெரியும். வ்ரான்யே ஊரின் மேல்தெருவில் சபித் அண்ணன் வீட்டுக்கு நேர் எதிர்வீடு என்னுடையது. அவர்கள் வீட்டில் வெங்காயம் வதக்கினால் என் வீட்டில் தும்முவார்கள். அதனால் அந்த வீட்டுச் சண்டை எனக்குத் தெரியாமல் நடக்க வழியில்லை.

அந்த மே மாதம் அவர்கள் வீட்டில் சண்டை இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சுவரில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு சிவப்பு வெல்வெட் சட்டை, கையில்லாதது, முதுகில் தங்க நூலில் "ஜெமில் குழு" என்று எழுதியது. ஆற்றின் கீழ்ப்பக்கத்துக் குழுக்காரன் ஜெமில் அதை ஆள்விட்டுக் கொடுத்தனுப்பியிருந்தான். சபித் அண்ணனின் மகன் என்வருக்கு. என்வர் எங்கள் குழுவில் இரண்டாவது ட்ரம்பெட். அப்பன் ஊதினால் கூடவே ஒரு படி கீழே நின்று ஊதுவான். அப்பனுக்கு மூச்சு எங்கே முடியும் என்பது அப்பனுக்கே தெரிவதற்கு முன்னால் அவனுக்குத் தெரியும். அவன் போய்விட்டால் குழு நிற்காது. இது எல்லோருக்கும் தெரியும். சபித் அண்ணனுக்கும் தெரியும். ஆனால் அவர் அந்தச் சட்டைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டார், கழுவினார், எழுந்து போனார். அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சபித் அண்ணனின் மனைவி ரஹிமா அக்கா என்னைக் கூப்பிட்டாள். சமையலறையில் திராட்சை இலையைக் கொதிநீரில் போட்டு எடுத்து, கொத்துக்கறியும் அரிசியும் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்திருந்தாள். முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து சாயங்காலத்துக்குள் கால் வீங்கிவிடும். கம்பளி மேல்துணி வைத்த வீட்டுச்செருப்பு தவிர எதுவும் நுழையாது.

"உக்காரு யாஷர். சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்க்கா."

"பொய் சொல்லாத. உன் பொண்டாட்டி காலையிலயே அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. இந்தா."

சாப்பிட்டேன். அவள் இலை சுருட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்:

"நாளைக்கு ஸ்லாட்டினா கல்யாணத்துக்கு எத்தனை பேராம்?"

"முந்நூறுங்கிறாங்க. பொண்ணோட ஒறவு ஆஸ்திரியாவுல இருந்தெல்லாம் வருதாம்."

"நல்லதாப் போச்சு. கோட்டு வச்சிருக்கியா?"

"எதுக்கு?"

"செத்துப்போன உங்கண்ணன் கோட்டு இருக்குல்ல? நல்ல கறுப்புக் கோட்டு."

"இருக்கு. எதுக்குன்னு கேக்குறேன்ல."

"நாளைக்கு நீ வண்டியில குறட்டை விட்டுட்டுக் கிடக்க வேண்டாம். விருந்தாளியாப் போ."

நான் வாயில் வைத்ததை முழுங்காமல் அவளைப் பார்த்தேன். கிண்டல் செய்கிற முகம் இல்லை.

அவள் என்ன நினைக்கிறாள் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பாட்டு விஷயம்தான். வேறு என்ன இருக்கிறது அந்த வீட்டில்?

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் நாற்பது நாள் படுக்கையில் கிடந்தாள். எழுந்து நடப்பாளா என்று டாக்டர்கள் யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சபித் அண்ணன் ட்ரம்பெட் இல்லாமல் உதட்டை மட்டும் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாற்பத்தோராம் நாள் அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவர் ஒரு சோச்செக் ஊதினார். எங்கள் பக்கம் இடுப்பசைத்து ஆடுகிற ஆட்டத்துக்கு ஊதுகிற பாட்டு. நொண்டி நொண்டித் தொடங்கும், நடுவில் ஒருதரம் நின்றே போகும், பிறகு ஓட்டம் பிடிக்கும். தெருவில் எல்லோரும் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றோம். "ரஹிமா எழுந்தாள்" என்று அதற்குப் பேர் வைத்தார்.

பிறகுதான் அந்தத் தப்பு. ஒரு கல்யாணத்தில் சாப்பாட்டு நேரம். வாதுமை மரத்தடியில் எல்லோரும் ரொட்டி தின்றுகொண்டிருக்க, அண்ணன் சும்மா இருக்க மாட்டாமல், யாரும் கேட்காமல், தனக்குத்தானே அந்தப் பாட்டை மெல்ல ஊதினார். கல்யாண வீட்டுக் காதில் விழும்படி வாத்தியக்காரன் சொந்தப் பாட்டை ஊதலாமா? நாற்காலித் தொழிற்சாலை டைரக்டர் ஒருத்தர் எழுந்து வந்தார். எச்சில் தொட்டு ஒரு பெரிய நோட்டை அண்ணன் நெற்றியில் ஒட்டினார். "இது இனிமே என் பாட்டு" என்றார். அவ்வளவுதான். எங்கள் பக்கத்து வழக்கம் அது. நோட்டு ஒட்டுகிறவர்தான் பாட்டைச் சொல்வார். அவர்தான் ஆட்டத்துக்கு முன்னால் நிற்பார். புதுப் பாட்டென்றால் முதலில் ஒட்டினவர் பேர்தான் அதற்கு. வாத்தியக்காரனுக்குக் கல்யாண வீட்டில் வாய் குழலுக்கு மட்டும்தான். அண்ணன் தலை குனிந்து ஊதினார். அந்த வருஷமே ஜெமில் அதை "டைரக்டர் சோச்செக்" என்று பதிவு செய்து போட்டான். இப்போது ஆறு இறங்கும் வழியெல்லாம் அது டைரக்டர் பாட்டு.

சபித் அண்ணனும் ஒரு சி.டி. போட்டார். முந்நூறு காப்பி. அட்டையில் ரஹிமா அக்கா வாசற்படியில் நிற்கிற படம். முரசு அடிக்கிற அவர் தம்பி முஹாரம்தான் இடைவேளையில் அதை மேஜைமேஜையாகக் கொண்டு போவான். ஜனங்கள் வாங்கிப் பார்த்து, கேட்டுவிட்டு, என்ன சொன்னார்கள் தெரியுமா? "டைரக்டர் பாட்டைத் திருடி வேற பேர் போட்டிருக்கீங்களே, வெக்கமா இல்ல?" என்றார்கள். இருநூற்று எண்பது காப்பி இன்னும் என் வண்டியின் சீட்டுக்கு அடியில் கிடக்கிறது. நாங்கள் ஒவ்வொரு கல்யாணத்திலும் அதை ஊத ஊத ஜெமிலுக்குத்தான் பேர்.

என்வர் கேட்டதும் அதைத்தான். "நம்ம பாட்டையே ஊதி அவனுக்கு விளம்பரம் பண்றோம்ப்பா. அதுக்கு அவன்கிட்டயே போய் ஊதலாம். அங்க கூட்டமாவது இருக்கு." ஞாயிறு கல்யாணம் முடிந்து திங்கள்கிழமை அவன் ஜெமிலிடம் போவதாக முடிவு.

"அதனால," என்றாள் ரஹிமா அக்கா, "நாளைக்கு நீ போய் நோட்ட ஒட்டு. சத்தமா, எல்லாருக்கும் கேக்குற மாதிரி, 'ரஹிமா எழுந்தாள், சபித் மாஸ்டரோட பாட்டு'ன்னு சொல்லு. ஒட்டுறவன் சொன்னாத்தானே பேரு? சொல்லு."

"அக்கா, நான் யார் வீட்டு விருந்தாளி?"

"முந்நூறு பேருல எவனுக்குத் தெரியும்? பொண்ணு வீட்டுக்காரன் மாப்பிள்ள வீடுன்னு நினைப்பான். மாப்பிள்ள வீட்டுக்காரன் பொண்ணு வீடுன்னு நினைப்பான்."

"அண்ணனுக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா என்ன, உன்ன அடிப்பாரா? அந்த மனுஷன் கொசுவக்கூட அடிக்க மாட்டாரு. ஊதித்தான் விரட்டுவாரு."

"கும் இருக்காருக்கா. அவருக்கு முன்னால யாரும் நோட்டு ஒட்டக்கூடாதே."

கும் என்றால் கல்யாணத்துக்கே தலைவர். சர்ச்சில் மணமக்களுக்கு முடி சூட்டும்போது மாப்பிள்ளை பக்கத்தில் சாட்சியாக நிற்பவர். தோளில் பூவேலைத் துண்டு போட்டிருப்பார். அவர் எழுந்தால் எல்லோரும் எழ வேண்டும், அவர் சிரித்தால் சிரிக்க வேண்டும். அன்றைக்கு மாப்பிள்ளையின் அப்பனைவிட அவர் பெரியவர்.

"அவர் ஒட்டுனதுக்கு அப்புறம் போ. கண்ணு இருக்குல்ல உனக்கு?" அவள் மேசை டிராயரிலிருந்து மடித்த ஒரு நோட்டை எடுத்து என் சட்டைப் பைக்குள் தானே செருகினாள். வியன்னாவில் இருக்கும் தங்கை கம்பளிச் செருப்பு வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பினது. "யாஷர், எனக்குப் பேரு ஆசையெல்லாம் இல்ல. என் பையன் அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு, நான் எழுந்து நின்ன பாட்ட, டைரக்டர் பாட்டுன்னு ஊதுவான். அத நான் கேக்க மாட்டேன். எனக்கு மறுபடியும் படுத்துக்கலாம்போல இருக்கு."

சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே இலை சுருட்டினாள். நான் வேறு என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்?

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மழை பெய்து ஓய்ந்திருந்தது. டியூபாவை ஏற்றி, போர்வை திணித்து, முரசை நிறுத்திக் கதவைச் சாத்தப் போனபோது ரஹிமா அக்கா வந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். எட்டு ஆண்களும் அவளையே பார்த்தார்கள். வாத்தியக்காரன் பெண்டாட்டி கல்யாணத்துக்கு வரும் வழக்கம் கிடையாது. நோட்டுக்குக் காவல் வந்திருக்கிறாள் என்று ஊர் சிரிக்கும்.

"எங்க?" என்றார் சபித் அண்ணன்.

"காத்து வாங்க."

"செருப்போடயா?"

"நான் எறங்கப் போறதில்ல. வண்டியிலதான் இருப்பேன். யாஷருக்குத் துணை."

"துணை வேணுமாடா உனக்கு?"

"தூக்கம் வராம இருக்கும்ணே," என்றேன். முஹாரம் பின்னாலிருந்து, "மதினி பக்கத்துல இருந்தா பிரேக்குக்கும் பயம் வரும், நல்லதுதான்," என்றான். என்வர் ஜன்னலோரம் ட்ரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு வாய்முனையைத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தான். கடைசி நாள் என்று எல்லோருக்கும் தெரியும். வழியெல்லாம் மரங்கள் வெள்ளையாகப் பூத்திருந்தன.

ஸ்லாட்டினாவில் மாப்பிள்ளை வீட்டுச் சந்து ஏற்றம். செம்மண் சேறு. டயர் வழுக்கியது. முட்டுக்கொடுக்கக் கல் தேடி இறங்கினேன். வேலிக்கு அந்தப் பக்கம் முட்டைகோஸ் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் கேட்டேன். நல்ல தாராள மனசு. இரண்டு கல்லும் கூடவே ஒரு தம்ளர் ரக்கியாச் சாராயமும் கொடுத்தாள். அந்த அம்மாளின் முகத்தை நான் நினைவில் வைத்திருக்க வேண்டும். அவள் என் முகத்தை நினைவில் வைத்துக்கொண்டாள்.

பெண்ணைக் கூட்டிவருகிற சடங்கெல்லாம் நடந்தது. பெண் வீட்டு வாசலில் கம்பத்து உச்சியில் கட்டியிருந்த ஆப்பிளை மாப்பிள்ளை மூன்றாவது குண்டில்தான் சுட்டு வீழ்த்தினான். மாமியார் சல்லடையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு ஆடினாள். பத்து மணியிலிருந்து எங்கள் ஆட்கள் நடந்துகொண்டே ஊதினார்கள். சர்ச்சுக்குப் போய், திரும்பி, மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் பந்தலுக்குக் கீழே வந்து நின்றபோது மணி இரண்டு. கும் வந்து உட்கார்ந்தார். ஸ்வெதோசார் என்று பேர். ரயில்வேயில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், குரலும் ரயில்வேதான்.

நான் வண்டிக்குப் பின்னால் நின்று செத்துப்போன என் அண்ணன் கோட்டைப் போட்டேன். அக்குளில் இறுக்கியது. ரஹிமா அக்கா கண்ணாடியை இறக்கி, "காலர நேரா வை. தலையச் சீவு. பன்னிக்கறி தின்ன வந்தவன் மாதிரி இரு, திருட வந்தவன் மாதிரி இருக்காத," என்றாள்.

கூட்டத்தின் ஓரமாகப் போய் நின்றேன். பாட்டு ஒன்று முடிந்தது. பெண்ணின் சித்தப்பா ஒருத்தர் நோட்டு ஒட்டி ஆடி முடித்து மூச்சு வாங்க உட்கார்ந்தார். அதற்கடுத்து யாரும் எழவில்லை. சபித் அண்ணன் கர்சீப்பால் உதட்டைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். சித்தப்பா ஒட்டியாயிற்று என்றால் கும் அதற்கு முன்பே ஒட்டியிருப்பார் என்று நான் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு காலையில், பெண் வீட்டில் சரி. மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் வேறு முறை. இங்கே சித்தப்பா கும்மிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஒட்டியிருக்கிறார், கும் இன்னும் ஒட்டவில்லை. பன்றி வெந்துவிட்டதா என்று பார்க்கப் பின்கட்டுக்குப் போயிருந்தார். பதினோரு வருஷமும் இந்த நேரத்தில் நான் வண்டியில் குறட்டை விட்டதற்கு அன்றைக்குப் பலன் கிடைத்தது.

நேராகப் போனேன். நோட்டை நாக்கில் தொட்டு அண்ணன் நெற்றியில் ஒட்டினேன். அண்ணன் கண் நோட்டுக்குக் கீழே விரிந்தது. ஆனாலும் கத்திவிட்டேன்:

"ரஹிமா எழுந்தாள்! சபித் மாஸ்டரோட பாட்டு! அவரே போட்டது! வாசிங்க!"

பந்தலில் தலைகள் திரும்பின. பின்கட்டிலிருந்து கும் வந்துகொண்டிருந்தார், கையில் ஒரு விலா எலும்போடு.

"யாரு அது, எனக்கு முன்னால?"

நான் நோட்டைத் திரும்ப எடுக்கலாமா என்று பார்த்தேன். அது நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

"நீ யாரு தம்பி? பொண்ணு வீடா, மாப்பிள்ள வீடா?"

"ரெண்டுக்கும்... நடுவுல," என்றேன்.

"எங்க ஆளு இல்ல," என்றார் பெண்ணின் அப்பா. "எங்க ஆளும் இல்ல," என்றார் மாப்பிள்ளையின் அப்பா. முட்டைகோஸ் அம்மாள் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "இவன் வேன் டிரைவர்ல? காலையில எங்கிட்டதான டயருக்குக் கல்லு கேட்டான்! கல்லத் திருப்பித் தந்தானா, கேளுங்க!"

முந்நூறு பேர் சிரித்தார்கள். நான் அந்தக் கோட்டுக்குள் அப்படியே சுருங்கிப் போனேன். கும் சிரிக்கவில்லை. எலும்பை மேஜையில் வைத்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, சபித் அண்ணன் முன்னால் வந்து நின்றார்.

"என்ன மாஸ்டர் இது? உன் ஆள நீயே அனுப்பி, உன் பாட்ட நீயே கேக்க வைக்கிறியா? ஏதோ நல்ல குழுன்னு சொன்னாங்கன்னு கூப்பிட்டேன். சந்தை வியாபாரமா இது?"

இந்த இடத்தில் வாத்தியக்காரன் செய்ய வேண்டியது ஒன்றுதான். என்னைத் திட்டி விரட்டிவிட்டு, கும் கேட்கிற பாட்டை இரண்டு மடங்கு சத்தமாக ஊத வேண்டும். அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு என் தலைக்கு மேல், தூரத்தில் வண்டி நிற்கிற பக்கம் பார்த்தார். புரிந்துகொண்டார். அதற்குப் பிறகு, முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, கல்யாண வீட்டில் பேசினார்.

"நான் அனுப்பலைங்க. ஆனா அவன் சொன்னது பொய்யில்ல. பாட்டு என்னோடது. என் வீட்டுக்காரி நாப்பது நாள் எந்திரிக்காமக் கிடந்தா. எந்திரிச்ச அன்னிக்கு ஊதினேன்."

"அப்ப ஊது. கேப்போம்."

ஊதினார்கள். நான்கு வரி போகவில்லை, இளவட்டங்கள் கையைத் தூக்கிக் கத்தின: "அட, டைரக்டர் பாட்டு! டைரக்டர் பாட்டு!" மேஜை தட்டினார்கள். நாற்காலி தள்ளுகிற சத்தம். கும்மின் முகம் மலர்ந்தது.

"இதுவா! இது எனக்குப் பிடிக்குமே! டைரக்டராவது கிரெக்டராவது? இந்த முற்றத்துல நான்தான் பெரியவன். இன்னியில இருந்து இது கும் பாட்டு!" என் நோட்டைப் பிய்த்து என் கோட்டுப் பையில் செருகிவிட்டு, அந்த இடத்தில் தன் நோட்டை அறைந்து ஒட்டினார். என்னுடையதைப்போல் ஐந்து மடங்கு.

குழல்கள் நின்றன. என்வர் ட்ரம்பெட்டை இறக்கிக் காலோடு வைத்துக்கொண்டான். "பாத்தீங்களாப்பா?" என்றான். சத்தமாகச் சொல்லவில்லை. எனக்குக் கேட்டது. அவன் குரலில் கோபமில்லை. பாவமாக இருந்தது.

சபித் அண்ணன் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். நோட்டைச் சரியாக ஒட்டிக்கொள்கிறார் என்று நினைத்தேன். அவர் அதை உரித்தார். நாலு விரலால் நீவி, மடித்து, கும்மின் கையில் வைத்தார்.

ஒட்டின நோட்டை உரித்துத் திருப்பிக் கொடுத்ததை எங்கள் தெருவில் யாரும் பார்த்தது கிடையாது. முஹாரம் முரசுக்குப் பின்னால் இருந்து, "அண்ணே, பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்றான்.

"இந்தப் பாட்டுக்கு நோட்டு வேண்டாங்க," என்றார் அண்ணன். "நோட்டு வாங்கினா கேட்டவங்க பேரு வந்துரும். ஒரு தடவ வாங்கிட்டேன், மூணு வருஷமா அனுபவிக்கிறேன். இத சும்மா ஊதுறேன். யாருக்கும் இல்ல. முடிஞ்சதும் நீங்க என்ன கேட்டாலும், ராத்திரி வரைக்கும் கேட்டாலும், ஊதுவேன்."

கும் கையில் நோட்டோடு அப்படியே நின்றார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார்.

தனி ட்ரம்பெட். நொண்டுகிற அந்த முதல் அடிகள். முஹாரம் ஒரு சுற்று பொறுத்து முரசைத் தட்டினான், பிறகு டியூபா சேர்ந்தது. என்வர் சேரவில்லை. அந்த ஒரு படி கீழே நிற்கிற குரல் இல்லாமல் பாட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. ஆட யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? கேட்டவர்தான் முன்னால் நின்று ஆட வேண்டும். யாரும் கேட்காத பாட்டுக்கு யார் பின்னால் போய் நிற்பது? முந்நூறு பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெறும் முற்றம், செம்மண் சேறு, நடுவில் நான். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான பாட்டை நான் கேட்டதில்லை. பாட்டு அந்த நின்றுபோகிற இடத்துக்கு வந்தது. நின்றது.

அந்த அமைதியில் வண்டிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அந்தக் கீல் எனக்குத் தெரியும், நான் எண்ணெய் போடாதது.

ரஹிமா அக்கா கம்பளிச் செருப்போடு சேற்றில் இறங்கி வந்தாள். வீட்டுப் பாவாடை. தலைத்துணி நழுவிக் கழுத்தில் கிடந்தது. வேகமாக வரவில்லை, அவளால் முடியாது. வேலியைப் பிடித்து, மேஜை விளிம்பைப் பிடித்து, பிறகு எதையும் பிடிக்காமல் முற்றத்தின் நடுவுக்கு வந்தாள். நான் வியர்வை துடைத்துக்கொண்டிருந்த கர்சீப்பை என் கையிலிருந்து பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கினாள்.

"என்ன நிறுத்திட்டீங்க? நான் எந்திரிச்சாச்சு. ஊதுங்க!"

ஊதினார்கள். இரண்டு ட்ரம்பெட். என்வர் எப்போது தூக்கினான் என்று நான் பார்க்கவில்லை, காதில்தான் விழுந்தது. அப்பன் மூச்சு உடைகிற இடத்தில் அவன் மூச்சு வந்து தாங்கியது. அண்ணன் கன்னத்தில் கண்ணீர் ஓடியது, துடைக்கக் கை இல்லை. எனக்கும்தான், கர்சீப் இல்லை.

அவள் தனியாக ஒரு சுற்று ஆடினாள். சின்ன ஆட்டம்தான், இடுப்பு பாதிதான் அசையும். செருப்பு சேற்றில் சப் சப்பென்று ஒட்டிப் பிரிந்தது. அப்போது கும்மின் மனைவி எழுந்தாள். நல்ல உயரமான பொம்பளை. வந்து அக்காவின் கையைப் பிடித்தாள்.

"முதுகா?"

"முதுகுதான். ஆறு ஸ்க்ரூ."

"எனக்கு இடுப்பு. மெதுவா ஆடும்மா, நானும் மெதுவாத்தான்."

கும்மின் மனைவி போனால் பிறகு யார் உட்கார்ந்திருப்பார்கள்? மாமியார் வந்தாள், மணப்பெண் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள், முட்டைகோஸ் அம்மாள் கரண்டியோடு வந்தாள். வரிசை முற்றத்தைச் சுற்றி வளைந்து வாசலைத் தாண்டிச் சந்துக்குப் போய்விட்டது. கும் கொஞ்ச நேரம் பார்த்தார். நோட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஏதோ முனகிக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய்ச் சேர்ந்தார். கும் கடைசியில் ஆடுவதை ஸ்லாட்டினாக்காரர்கள் அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் அண்ணன் சொன்னபடியே கும் கேட்டதையெல்லாம் ஊதினார். பதினாலு பாட்டு. ஒவ்வொன்றுக்கும் கும் நோட்டை அறைந்துதான் ஒட்டினார், கொஞ்சம் பழி தீர்க்கிற மாதிரி. நான் இரண்டு கல்லையும் கழுவிக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன்.

திங்கள்கிழமை என்வர் போகவில்லை. போகவில்லை என்று யாரும் சொல்லவும் இல்லை. மத்தியானம் சிவப்புச் சட்டையை ஒரு பேப்பரில் சுற்றி என்னிடம் கொடுத்தான்.

"கீழ்ப்பக்கம் போறப்ப ஜெமில் வீட்டுல குடுத்துருங்க."

"என்னன்னு சொல்ல?"

"சைஸ் சேரலன்னு சொல்லுங்க."

செவ்வாய்க்கிழமை டெலிபோன் அடித்தது. அந்த வாரம் முழுக்க அடித்தது. அதில் ஒருநாள் சமையலறையில் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். ரஹிமா அக்கா எடுப்பாள், கேட்பாள், நோட்டுப் புத்தகத்தில் தேதியை எழுதுவாள். அவளுடைய கம்பளிச் செருப்பு கழுவி அடுப்புப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது. சேற்றுக் கறை போகவில்லை.

"ஆமாங்க, சபித் மாஸ்டர் வீடுதான்... ஆமா... ஆமாங்க, நான்தான் அது." சிரித்தாள். "அதையும் வாசிப்பாங்க. கட்டாயம் வாசிப்பாங்க."

"என்ன கேக்குறான்?" என்றார் அண்ணன்.

"புயனோவாத்ஸ்ல கல்யாணமாம். செருப்புப் பாட்டு வாசிக்கணுமாம்."

"என்ன பாட்டு?"

"செருப்புப் பாட்டு. நேத்து கூப்பிட்டவனும் அப்படித்தான் கேட்டான். அதுக்கு முந்துன ஆளும்."

முஹாரம் விழுந்து விழுந்து சிரித்தான். சி.டி. அட்டையில் பேனாவால் 'செருப்புப் பாட்டு' என்று சேர்த்து எழுதிவிடலாம், இருநூற்று எண்பதும் பறந்துவிடும் என்றான். என்வர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அண்ணனுக்கு மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. எழுந்து நின்றுவிட்டார்.

"செருப்பாம்! மூணு வருஷம் டைரக்டர், இப்ப செருப்பு! முந்நூறு பேர் முன்னால நோட்ட உரிச்சுக் குடுத்தேன். நீ எந்திரிச்சு வந்தே. 'ரஹிமா எழுந்தாள்'னு சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரலையா? அடுத்து கூப்பிட்டா குடு எங்கிட்ட, நான் சொல்றேன் அவனுக்கு!"

ரஹிமா அக்கா டெலிபோனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். அடுப்புப் பக்கத்துச் செருப்பை எடுத்துத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. காலில் மாட்டிக்கொண்டாள்.

"விடுங்க. சொல்லிட்டுப் போகட்டும்," என்றாள். "செருப்பு என்ன டைரக்டரோடதா? என்னோடதுதானே."